தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது விழுகிற பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். இன்று ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற அரிய நரம்பு நோயைப் பற்றியும், அதோடு வளர்கிற பிள்ளைகளைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

"பகல்ல நல்லாத்தான் நடக்கிறான் மேடம். தலைக்குத் தண்ணி ஊத்துறப்போ விழுந்துடறான்." ஒரு அம்மா என்னிடம் சொன்னது இது. தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடுகிறோம் இல்லையா, விஷயம் அங்கேதான் இருக்கிறது. நம் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே நமக்குத் தெரியும். மூட்டுகளிலிருந்து தண்டுவடம் வழியாக மூளைக்குத் தகவல் போய்க்கொண்டே இருக்கும். இந்த நோயில் அந்த நரம்புகள் மெல்ல மெல்லச் சிதைகின்றன. கண் திறந்திருக்கும்வரை பார்வையை வைத்துச் சமாளிப்பார்கள். கரண்ட் போனால் விழுவார்கள்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் ஃப்ரீட்ரைக் இதை 1863இல் விவரித்தார். காரணமான மரபணு 1996இல்தான் தெரிந்தது. ஃப்ரடாக்சின் என்ற புரதம் போதுமான அளவு உருவாகாததால், செல்லுக்குள் சக்தி தயாராகும் இடம் பழுதாகிறது. பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் ஆரம்பிக்கும். அப்பா, அம்மா இருவரிடமும் அந்தக் குறை மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும். அப்போதும் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்புதான். உறவுக்குள் கட்டினால் இருவரிடமும் அந்தக் குறை இருக்கிற வாய்ப்பு கூடும். ஆனால் சொந்தம் இல்லாத வீடுகளிலும் வருகிறது. பெற்றவளைக் குற்றம் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நடை தள்ளாடும், பேச்சு குழறும். அறிவு பெரும்பாலும் அப்படியே தெளிவாக இருக்கும். இந்த மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் பார்த்த ஒரு பையன், வயது 22, கணக்கில் பட்டம் வாங்கியவன். பஸ் ஏறும்போது யாரோ "காலையிலேயே போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். எத்தனையோ முறை விழுந்தும் வெளியே போவதை நிறுத்தாதவன், அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வீட்டோடு இருந்துவிட்டான்.

நானும் அவனிடம் ஒரு தவறு செய்தேன். மாதக்கணக்கில் எத்தனை அடி நடக்கிறான் என்றே அளந்துகொண்டிருந்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. கேட்ட அன்று, நிதானமாக, சொல் சொல்லாகச் சொன்னான்: "ஒரு டம்ளர் காபி, நானே, குடிக்கணும்."

அதற்குத் தனியாக உழைத்தோம். லேசான டம்ளருக்குப் பதில் கனமானது. அதில் பாதிக்குத்தான் காபி. இரண்டு முழங்கையும் மேசைமேல் ஊன்றியிருக்க வேண்டும். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல், வாயைக் கொஞ்சம் டம்ளருக்குக் கொண்டுவர வேண்டும். பல வாரங்கள் சட்டை நனைந்தது. அப்புறம் ஒருநாள் நனையவில்லை. அவன் அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கர நாற்காலி என்றாலே வீட்டில் பயப்படுவார்கள். உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான் என்பார்கள். இந்த நோயில் அசதி மிக அதிகம். நான்கு எட்டு நடக்கவே அன்றைய தெம்பு தீர்ந்துவிடும். நாற்காலி வாங்கிய பிறகு ஒரு பெண் தன் அக்கா கல்யாணத்தில் முகூர்த்தத்திலிருந்து கடைசிப் பந்திவரை இருந்தாள். முந்தைய கல்யாணத்தில் அரை மணியில் வீடு திரும்பியவள் அவள். வீட்டில் செய்யும் பயிற்சியை மட்டும் நாற்காலி வந்ததும் விட்டுவிடக் கூடாது.

முதுகெலும்பு வளைவதையும், இதயத்தையும், சர்க்கரையையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். ஒமாவெலாக்சலோன் என்ற மருந்துக்கு 2023 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, 16 வயது நிரம்பியவர்களுக்கு. அது நோயின் வேகத்தைக் குறைக்கும், குணமாக்காது. விலையோ சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் காசில்லாமல் கிடைக்கிற உரிமைகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகளையும் சேர்த்திருக்கிறது. கை நடுங்கி எழுத முடியாத பிள்ளைக்குத் தேர்வில் எழுத்தர் உதவியும் கூடுதல் நேரமும் கேட்கலாம். சான்றிதழ் வாங்கத் தயங்காதீர்கள்.

அந்தப் பையன் இப்போது மாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறான். ஒரு வாக்கியத்தை முடிக்க அவனுக்கு நேரமாகும். பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.