கார்த் திறப்பைத் திருப்பினா ஒரு ‘டக்’ மட்டும் கேக்குதா? பற்றரி வாங்க ஓடாதேங்கோ, முதல் இதைப் பாருங்கோ

வணக்கம் உறவுகளே. விடிய ஆறு மணி. விசுவமடுவில எங்கட வீட்டு முத்தத்தில நிக்கிறன். பின்னால இரையிறது பக்கத்து வளவு அண்ணேன்ர றக்ரர், அவர் வயலுக்கு வெளிக்கிடுறார். எனக்கு எட்டு மணிக்கு அம்மாவைக் கிளிநொச்சிக்குக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகோணும். கார் ஸ்ராட் வரேல்ல. சத்தத்தைக் கேளுங்கோ.

[டக்]

இவ்வளவுதான். திரும்பத் திருப்பினாலும் ஒரே ஒரு ‘டக்’. இந்தச் சத்தத்தை நல்லா மனசில வையுங்கோ. ‘டக டக டக’ எண்டு தொடர்ச்சியா அடிச்சா அனேகமா பற்றரி இறங்கிப்போச்சு. சத்தமே இல்லையெண்டா திறப்பு, பியூஸ், றிலே எண்ட கரண்ட் விடுற சின்னப் பெட்டி, பற்றரித் தலையில கழண்ட வயர் எண்டு தேடோணும். இஞ்சின் நல்லா சுத்தியும் பிடிக்கேல்லையெண்டா அது வேற கதை, பெற்றோல் வரேல்ல, இல்லாட்டி பொறி வரேல்ல. ஒரு ‘டக்’ எண்டா இஞ்சினைச் சுத்தி விடுற ஸ்ராட்டர் மோட்டருக்குப் போதுமான கரண்ட் போகேல்ல, இல்லாட்டி மோட்டரே சுத்தாம இறுகிப்போச்சு.

போன வருசமும் இதே சத்தம்தான். ஒரு கராச்சில பற்றரி செத்துப்போச்சு எண்டு சொல்லிச்சினம், புதுசு போட்டனான். ரெண்டு கிழமையால திரும்ப அதே ‘டக்’. அந்தக் காசு சின்னக் காசில்லை. 2020இல இருந்து 2025 வரைக்கும் சனத்துக்கு வாகன இறக்குமதி நிண்டு கிடந்தது, இருக்கிற பழைய காரைக் காப்பாத்தித்தான் ஓடவேண்டிய நிலை. அந்தப் பற்றரிக் கதைக்குப் பிறகுதான் மீற்றர் ஒண்டு வாங்கினன். இந்தா, வோல்ற் அளக்கிற மஞ்சள் நிறச் சின்ன மல்ரிமீற்றர், இருக்கிறதிலயே மலிவானது. காரை வச்சிருக்கிற ஒவ்வொரு வீட்டிலயும் இது இருக்கோணும் எண்டு நான் உண்மையாவே நினைக்கிறன்.

தொட முதல் ரெண்டு விசயம். கான்ட்பிறேக் இழுத்து, கியரை நியூட்ரலில விடுங்கோ. மோதிரம், மணிக்கூட்டைக் கழட்டுங்கோ. பற்றரிக்குப் பக்கத்தில பீடி, சிகரட் வேண்டாம், அதில இருந்து வாற வாயு பத்தும்.

முதல் செலவில்லாத சோதனை. பெரிய லைற்றைப் போட்டிட்டு திறப்பைத் திருப்புறன். சுவரில விழுற வெளிச்சத்தைப் பாருங்கோ. மங்கி அணையப்பாத்தா பற்றரியில சந்தேகப்படலாம். என்ரது மங்கவே இல்லை. அப்ப பற்றரியில கரண்ட் இருக்கு, ஸ்ராட்டருக்குத்தான் போய்ச் சேரேல்ல.

மீற்றரை டிசி 20 வோல்ற்றில வைக்கிறன். சிவப்பு பிளஸில, கறுப்பு மைனஸில. 12.5. நிறைஞ்ச பற்றரி 12.6 அளவில நிக்கும், 12க்குக் கீழ போனா இறங்கிப்போச்சு. திறப்பைத் திருப்பேக்க 9.6க்குக் கீழ விழுந்தா பற்றரி பலவீனம் எண்டு எடுக்கலாம். என்ரது 11.8இல நிக்குது. பற்றரியில பிழை இல்லை.

இப்பதான் முக்கியமான இடம், கமராவைக் கிட்டக் கொண்டு வாறன். பற்றரி மைனஸில இருந்து ரெண்டு வயர் போகுது. மெல்லிசு காரின்ர பொடியில, அதாவது தகரத்தில, பூட்டியிருக்கு, லைற் எல்லாம் அதில ஓடுது. மொத்தது கீழ போய் கியர்பொக்சில பூட்டியிருக்கு. ஸ்ராட்டர் இழுக்கிற கரண்ட் முழுக்க இந்த மொத்த வயராலதான் திரும்பி வரோணும். எல்லாரும் பிளஸ் பக்கத்தைத்தான் பாக்கிறவை, திரும்பி வாற பாதையை ஆரும் பாக்கிறேல்ல.

சோதிக்கிற விதம் இதுதான். மீற்றரின்ர கறுப்பு பற்றரி மைனஸில, சிவப்பு இஞ்சினில வெறும் இரும்பு தெரியிற இடத்தில. நான் தனிய நிக்கிறபடியா பழைய வீட்டு வயர்த் துண்டால நீட்டி, உடுப்புக் கிளிப்பால கவ்வி, மீற்றரை முன்கண்ணாடியில சாத்தி வச்சிருக்கிறன். பெல்ற்றில வயர் படாமப் பாருங்கோ. இப்ப உள்ள இருந்து திருப்புறன்.

[டக்]

கண்டீங்களோ? 6.3! நல்ல வயரெண்டா 0.2, கூடினா 0.5. இதில ஆறு வோல்ற்றுக்கு மேல வழியிலயே போகுது. பற்றரி குடுக்கிறதில பாதி ஸ்ராட்டருக்குப் போய்ச் சேரேல்ல. போன வருசம் பற்றரி மாத்தேக்க இந்த வயரும் ஆடுப்பட்டிருக்கும், அதால கொஞ்ச நாள் பிடிச்சு நிண்டிருக்கு எண்டுதான் நினைக்கிறன்.

பற்றரியில எப்பவும் மைனஸைத்தான் முதல் கழட்டோணும். பிளஸைக் கழட்டேக்க ஸ்பனர் பொடியில முட்டினா பொறி பறக்கும். இப்ப கீழ அந்த வயர்த் தலையைக் கழட்டுறன்... இந்தாங்கோ. வளையத்துக்குக் கீழ பச்சைப் பவுடர், போல்ற் முட்டுற இடம் முழுக்கத் துரு. மாரி மழையும் கிரவல் றோட்டுச் சேறும் செய்த வேலை. உள்ள செப்புக் கம்பி அறுந்திருந்தா வயரையே மாத்தோணும், இது நல்லா இருக்கு. சான்ட் பேப்பரால வளையத்தையும் கியர்பொக்சில முட்டுற இடத்தையும் மினுங்கு மட்டும் தேய்க்கிறன். இறுக்கிப்போட்டு மேல கொஞ்சம் வஸ்லின்.

நான் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள, சுத்தியும் பிடிக்காத கார்க்காரருக்கும் ரெண்டு சொல்லு. பிழை எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லையெண்டா, மனுவல் கியர்க் காரைத் தள்ளிப் பாருங்கோ. தள்ளி ஸ்ராட் வந்தா பெற்றோலும் பொறியும் சரி, பிழை பற்றரி, ஸ்ராட்டர் பக்கம்தான். பெற்றோலைப் பீச்சி அடிக்கிற இன்ஜெக்சன் காரெண்டா திறப்பை ‘ஓன்’ இல விட்டிட்டு பின் சீற்றுப் பக்கம் காது குடுங்கோ, ரெண்டு செக்கன் பெற்றோல் பம்ப் இரையும். இரையேல்லையெண்டா முதல் பியூஸைப் பாருங்கோ. பொறி போடுற பிளக்கைக் கழட்டி ஈரமா, காய்ஞ்சதா எண்டு பாருங்கோ. ஈரமெண்டா பெற்றோல் வருது, பொறிதான் சந்தேகம். காய்ஞ்சதெண்டா பெற்றோலே வரேல்ல. யுத்த நேரம் பெற்றோல் இல்லாம அப்பா ஆக்கள் மண்ணெண்ணெயில ஓடினவை. குளிர்ந்த இஞ்சினில மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதால ஸ்ராட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டுப்போட்டு பேந்து மாத்துறவை. ஆவி வந்தாத்தான் பத்தும் எண்டது அவைக்குப் படிக்காமலே தெரியும். வயல் வெட்டி முடிஞ்ச காலமெண்டா எலி வயரைக் கடிச்சிருக்கோ எண்டும் பாருங்கோ, எங்கட வளவில ரெண்டு தரம் கடிச்சது.

ஒரு எச்சரிக்கை. பக்கத்தில லொறி நிக்குதெண்டு அதில இருந்து கரண்ட் எடுக்காதேங்கோ. பெரிய லொறி 24 வோல்ற், கார் 12. காரின்ர கம்பியூட்டர் பெட்டி எரிஞ்சுபோகும்.

சரி, இறுக்கியாச்சு. மைனஸையும் பூட்டிட்டன். மீற்றர் அதே இடத்தில. திருப்புறன்.

[இஞ்சின் ஸ்ராட் வருது]

சுத்தேக்க 0.2தான் காட்டினது! அப்பாடா. இப்ப ஓடேக்க பற்றரியை அளக்கிறன்... 14.1. ஓடேக்க 13.8க்கும் 14.4க்கும் இடையில நிண்டா அல்ரநேற்றரும் சார்ஜ் பண்ணுது. செலவு ஒரு துண்டு சான்ட் பேப்பர்.

அம்மா, கிளினிக் கொப்பியை எடுங்கோ, வெளிக்கிடுவம்! உறவுகளே, நேரம் ஏழரை ஆகுது. கமராவை நிப்பாட்டுறன்.