எனக்கு கிரீன் கார்டு, மனைவி எச்-1பி: கார்ல துப்பாக்கி வெச்சுக்கலாமா?

வணக்கங்க. டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். "அண்ணா, எனக்கு கிரீன் கார்டு வந்துருச்சு. ஒரு பிஸ்டல் வாங்கிட்டேன். டெக்சஸ்ல லைசென்ஸ் இல்லாமலே கார்ல வெச்சுக்கலாம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. க்ளவ் பாக்ஸ்லயே, அதான் முன் சீட்டுக்கு எதிர்ல இருக்கற டிராயர்ல, போட்டு வெச்சிருக்கேன். சரிதானே? மனைவி இன்னும் எச்-1பில இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கார்தான்."

தம்பி, அந்தக் கடைசி ரெண்டு வரியைப் படிச்சதும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி வேலைக்கோ படிப்புக்கோ கொடுக்கற தற்காலிக விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாது. இது டெக்சஸ் சட்டம் இல்லைங்க, மத்திய அரசு சட்டம். எந்த மாநிலத்துல இருந்தாலும் பொருந்தும். மாட்டினா 15 வருஷம் வரைக்கும் ஜெயில். வேட்டை லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, உண்மைதான். ஆனா இமிக்ரேஷன் வக்கீலைக் கேக்காம அதை நம்பி இறங்காதீங்க.

"வெச்சிருக்கறது"ன்னா கையில பிடிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. அங்க இருக்குன்னு தெரியும், கை நீட்டினா எடுக்கலாம், அது போதும். இப்ப யோசிங்க. காலையில உங்க மனைவி அதே காரை எடுத்துக்கிட்டு ஆபீஸ் கிளம்பறாங்க. க்ளவ் பாக்ஸ்ல உங்க பிஸ்டல். வண்டியில வேற யாரும் இல்ல. அந்த அரைமணி நேரம் அது யார்கிட்ட இருக்கு?

ஃப்ளோரிடாவுல ரெஹைஃப்னு ஒரு மாணவர், எஃப்-1 விசாவுல வந்தவர். காலேஜ்ல இருந்து நீக்கிட்டாங்க, அதோட விசா தகுதியும் போச்சு. அப்புறம் அவர் ஒரு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் சுட்டுப் பார்த்தார். அதுக்கே மத்திய அரசு வழக்கு போட்டுச்சு. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2019ல அவர் பக்கம் தீர்ப்பு வந்துச்சு. தன்னோட விசா நிலைமை அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு அரசு நிரூபிக்கணும்னு கோர்ட் சொல்லிருச்சு. உங்க மனைவிக்கு அவங்க விசா என்னன்னு நல்லாவே தெரியும் இல்லையா? அந்த வாசல் நமக்கு இல்ல. துப்பாக்கிக் குற்றத்துல தண்டனை ஆனா நாடு கடத்தலாம். கிரீன் கார்டு இருக்கற உங்களையும்தான்.

சரி, இனி உங்க விஷயம். ஃப்ரெண்ட்ஸ் சொன்னது பாதி சரி. டெக்சஸ்ல 2007ல இருந்தே சொந்தக் கார்ல வெளிய தெரியாம ஹேண்ட்கன் வெச்சுக்க லைசென்ஸ் வேண்டாம். 2021 செப்டம்பர் 1ல இருந்து, 21 வயசு ஆனவங்க, சட்டப்படி தடை எதுவும் இல்லாதவங்க, கார்லயும் வெளியிலயும் லைசென்ஸ் இல்லாம எடுத்துட்டுப் போகலாம். ஆனா கார்ல கண்ணுக்குத் தெரியற மாதிரி வெச்சா கண்டிப்பா ஹோல்ஸ்டர்ல, அதாவது துப்பாக்கி உறையில, இருக்கணும். கப் ஹோல்டர்லயோ பக்கத்து சீட்டுலயோ சும்மா கிடந்தா குற்றம். குடிச்சுட்டு ஓட்டி மாட்டினா, அந்த கேஸ் ஒண்ணு, கார்ல துப்பாக்கி இருந்ததுக்கு தனி கேஸ் ஒண்ணு.

அப்புறம் ஏன் நான் லைசென்ஸ் எடுங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன்? ஸ்கூல். மத்திய சட்டப்படி ஸ்கூலைச் சுத்தி 1,000 அடிக்குள்ள, கிட்டத்தட்ட 300 மீட்டர், துப்பாக்கி கூடாது. ஸ்கூல் இருக்கற மாநிலம் கொடுத்த துப்பாக்கி லைசென்ஸ் இருந்தா விலக்கு. இல்லேன்னா தோட்டாவை எடுத்துட்டு, பூட்டின பெட்டிக்குள்ள இருக்கணும். ஃப்ரிஸ்கோல நீங்க இருக்கற பக்கம் ஸ்கூலைத் தாண்டாம பால் வாங்கப் போக முடியுமா சொல்லுங்க. லைசென்ஸுக்கு ஃபீஸ் 40 டாலர், ஒரு நாள் கிளாஸ், 3, 7, 15 கஜத்துல நின்னு 50 ரவுண்டு சுடணும். கிரீன் கார்டுக்கும் கொடுப்பாங்க. எடுத்துடுங்க.

இப்ப க்ளவ் பாக்ஸ். உங்க இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்கு? அதுலதானே? போலீஸ் நிறுத்தி பேப்பர் கேட்டா நீங்க கை வைக்கற இடமும் துப்பாக்கி இருக்கற இடமும் ஒண்ணா இருக்கவே கூடாது. 2016 ஜூலையில மினசோட்டாவுல ஃபிலாண்டோ காஸ்டீல்னு ஒருத்தர். முறையா லைசென்ஸ் வெச்சிருந்தவர். போலீஸ் காரை நிறுத்தினப்போ, என்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு அவரே மரியாதையா சொன்னார். சொல்லி சில நொடிதான், அந்த ஆபீசர் சுட்டுட்டார். பின் சீட்டுல 4 வயசுக் குழந்தை. அடுத்த வருஷம் ஆபீசருக்கு விடுதலையும் ஆயிடுச்சு. இதைச் சொல்லும்போது எனக்கு இப்பவும் மனசு கனக்குது. காஸ்டீல் மேல எந்தத் தப்பும் இல்ல. ஆனா நாம அதுல இருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நிறுத்தினா கண்ணாடியை இறக்குங்க, ராத்திரின்னா உள் லைட்டைப் போடுங்க, ரெண்டு கையும் ஸ்டீயரிங் மேல. துப்பாக்கி லைசென்ஸ் இருந்தா, ஐடி கேக்கறப்போ ஐடி, லைசென்ஸ் ரெண்டையும் சேர்த்துக் காட்டணும். எதை எடுக்கறதா இருந்தாலும், எங்க இருக்குன்னு வாயால சொல்லி, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் கை நகரணும்.

சீட்டுக்கு அடியில வைக்கலாமான்னும் சிலர் கேக்கறாங்க. வேண்டவே வேண்டாங்க. அதே 2016, ஏப்ரல்ல மில்வாக்கியில ஒரு அம்மா ஓட்டிட்டு இருந்தாங்க. டிரைவர் சீட்டுக்கு அடியில இருந்த துப்பாக்கி பின்னாடி நகர்ந்து வந்துருச்சு. பின்னாடி இருந்த 2 வயசுக் குழந்தை அதை எடுத்துச்சு. சீட்டைத் துளைச்ச குண்டுல அந்த அம்மா போயிட்டாங்க.

கார்ங்கறது துப்பாக்கி போற வழி, தங்கற இடம் இல்ல. போறப்போ ட்ரிகரை முழுசா மூடற கெட்டியான ஹோல்ஸ்டர்ல, இடுப்புல இருக்கட்டும். கார்ல உக்காந்துக்கிட்டு எடுத்து எடுத்து மாத்தாதீங்க, கை தவறி வெடிக்கறது அங்கதான். உள்ள கொண்டு போகக் கூடாத இடத்துக்குப் போறீங்களா, அப்ப மட்டும் லாக் பாக்ஸ். சீட்டோட இரும்புக் காலைச் சுத்தி ஸ்டீல் கேபிள் போட்டு மாட்டற வகை. என் காரை ஒரு தடவை ஜிம் வாசல்ல உடைச்சாங்க. கண்ணாடியைத் தட்டி, க்ளவ் பாக்ஸைத் திறந்து, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கற கன்சோலைத் துழாவிட்டுப் போயிட்டாங்க. மூணாவதா எதையும் தொடலை. அப்ப என்கிட்ட துப்பாக்கி கிடையாது. இருந்திருந்தா அந்த ரெண்டுல ஒண்ணுலதான் வெச்சிருப்பேன்.

வேற மாநிலத்துக்கு ஓட்டிட்டுப் போனா கதையே வேற. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி எல்லாம் டெக்சஸ் லைசென்ஸை ஏத்துக்காது. அந்த வழியாக் கடந்து போகணும்னா தோட்டாவைக் கழட்டி, ரெண்டையும் டிக்கியில பூட்டி வைங்க.

இந்த வீடியோ முடிஞ்சதும் எழுந்து கீழ போய் அந்த க்ளவ் பாக்ஸைத் திறங்க தம்பி. பிஸ்டலை எடுத்து வீட்டு சேஃப்ல வைங்க. சேஃப் நம்பர் உங்களுக்கு மட்டும் தெரியட்டும், மனைவிக்குத் தெரிய வேண்டாம். ஏன்னு அவங்ககிட்ட உக்காந்து விளக்கிச் சொல்லுங்க. இன்சூரன்ஸ் பேப்பரை சன் வைசர்ல சொருகிடுங்க. நாளைக்குக் காலையில அவங்க கார் எடுக்கறதுக்குள்ள இது முடிஞ்சிருக்கணும்.