கால் நாள் விட்டுப்போன காலண்டர்

[காட்சி: விடியலுக்கு முந்தைய கிழக்கு வானம், கீழே நைல் நதி]

கோடையின் உச்சம். விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. எழுபது நாளாகக் கண்ணில் படாத ஒரு நட்சத்திரம் அடிவானத்தில் எட்டிப் பார்க்கிறது. நாம் சிரியஸ் என்கிறோம். பண்டைய எகிப்தியருக்கு அது சொப்தெத் என்ற பெண் தெய்வம். அவள் வந்துவிட்டால் நைலில் புது வெள்ளம் வரும். அதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு.

மழை அபூர்வமான நாடு. அதனால் ஆற்றை வைத்தே மூன்று பருவங்கள். வயலை வெள்ளம் மூடும் அகெத், தண்ணீர் வடிந்த வண்டலில் பயிர் தலைகாட்டும் பெரெத், அறுவடைக் காலமான ஷெமு. பருவத்துக்கு நான்கு மாதம். தேதியையே 'அகெத்தின் இரண்டாம் மாதம், 5ஆம் நாள்' என்றுதான் எழுதினார்கள். மாதத்துக்கு 30 நாள், வாரத்துக்குப் பத்து நாள். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தெய்ர் எல்-மெதினா தொழிலாளர்களுக்கு ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் விடுமுறை.

[காட்சி: பன்னிரண்டு கட்டங்கள், ஓரத்தில் தனியாக ஐந்து புள்ளிகள்]

சரி, பன்னிரண்டு முப்பது முந்நூற்று அறுபது. மிச்சம் ஐந்து நாள்? அவை எந்த மாதத்திலும் சேராமல் ஆண்டின் கடைசியில் தனியே நின்றன. ஒசைரிஸ், ஹோரஸ், சேத், ஐசிஸ், நெப்திஸ் ஆகிய தெய்வங்கள் பிறந்த நாள்கள். கொண்டாட்டத்தைவிட பயம்தான் அதிகம். நோய்நொடி அண்டாமலிருக்கக் கழுத்தில் துணித் தாயத்து கட்டிக்கொண்டார்கள். இந்தக் காலண்டரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கணக்குக்குள் அடங்காத நாள்களைத் தெய்வங்களிடமே கொடுத்துவிட்டார்கள்!

ஆனால் சூரிய ஆண்டு 365 நாளோடு முடிவதில்லை, இன்னும் கால் நாள் இருக்கிறது. அதை அவர்கள் சேர்க்கவில்லை. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள், 120 ஆண்டுக்கு ஒரு மாதம் என்று காலண்டர் நழுவிக்கொண்டே போனது. ஏட்டில் வெள்ளப் பருவம், வயலிலோ அறுவடை. நட்சத்திரமும் புத்தாண்டும் மறுபடி ஒன்றுசேர ஏறக்குறைய 1,460 ஆண்டுகள் ஆகும்.

[காட்சி: மூன்று எழுத்துமுறைகளில் பொறித்த கல்வெட்டு]

கி.மு. 238இல் மன்னர் மூன்றாம் தாலமி காலத்தில் கனோபஸ் நகரில் கூடிய பூசாரிகள், அந்த ஐந்து நாளோடு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆறாவது நாள் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி ஆணை பிறப்பித்தார்கள். கல்லில் பொறித்தும் நடைமுறைக்கு வரவில்லை. அப்புறம் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில்தான் அது நிலைத்தது. எகிப்தின் காப்டிக் கிறித்தவர்கள் இன்றும் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகு அந்த மிச்ச நாள்களுக்கென ஒரு குட்டி மாதம் வைத்திருக்கிறார்கள்.

வானியலாளர்களுக்கோ அந்தப் பழைய 365 நாள் ஆண்டுதான் வசதி. லீப் நாள் குறுக்கிடாததால் இரண்டு கிரகணங்களுக்கு இடையே எத்தனை நாள் என்பது நேரான பெருக்கல்தான். 16ஆம் நூற்றாண்டில் கோப்பர்நிக்கஸ்கூடத் தன் கோள் அட்டவணைகளை எகிப்திய ஆண்டில்தான் கணக்கிட்டார்.