அடுத்த கேள்வியை யார் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சியில் இனி எப்படிப்பட்ட போட்டி நிகழ்ச்சிகள் வரும், அவற்றில் நமக்கு என்ன இருக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டிவிக்காரன் இல்லை. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் பொது அறிவுப் போட்டி நடத்திப் பழகிய ஒரு வாத்தியார், அவ்வளவுதான்.

தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில், டிஷ் இல்லாததை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அதில் இறங்குவது பெரும்பாலும் சென்னைச் சானல்கள். 2012இல் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நடத்திய காலத்தில் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், இரண்டு முக்காலியை எதிரெதிரே போட்டுக்கொண்டு பிள்ளைகள் அதையே விளையாடுவார்கள். கேள்வி கேட்கிற பையன் வேண்டுமென்றே இழுப்பான். பதில் சொல்கிற தங்கச்சி பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். கேள்வி என்னவோ ‘இலங்கையின் தேசிய மலர் எது’ என்பதுதான்!

அந்த இழுப்பில்தான் சூட்சுமமே இருக்கிறது. அந்த நிகழ்ச்சியின் மூலம் 1998 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஐடிவி சானலில் தொடங்கியது. பதினைந்து கேள்வி, நாலு விடை, மூன்று உதவி. பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவருக்கே தெரியும். அடுத்த முறை அந்த மூல நிகழ்ச்சி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேளுங்கள். கேள்வி ஏற ஏற, பின்னணி இசையும் அரைச் சுரம் அரைச் சுரமாக ஏறிக்கொண்டே போகும். நமக்கு ஏன் நெஞ்சு படபடக்கிறது என்று நமக்கே தெரியாது.

ஆனால் அந்த வகைக்கு வயதாகிவிட்டது. எந்த ஊரின் தலைநகரம் எது என்று கேட்டால், கையிலிருக்கிற போன் சொல்லிவிடுகிறது. அதனால் மனப்பாடத்தைச் சோதிப்பதை விட்டுவிட்டு, யோசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கிற நிகழ்ச்சிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2022இல் அதே ஐடிவியில் வந்த ‘தி ஒன் பர்சென்ட் கிளப்’ இதற்கு நல்ல உதாரணம். நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து விளையாடுகிறார்கள். முதல் கேள்வி, முன்கூட்டி நாட்டு மக்களிடம் கேட்டுப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சரியாகச் சொன்னது. கடைசிக் கேள்வி, நூறில் ஒருவர் மட்டும் சொன்னது. புத்தக அறிவு எதுவும் வேண்டாம்.

அந்த மாதிரி ஒரு கேள்வியை நம்மூர் கணக்கில் போட்டுக் காட்டுகிறேன். ஒரு லயத்தில் பத்துக் காம்பரா, அதாவது பத்து வீடு, ஒரே வரிசை. இடப்பக்கமிருந்து எண்ணினால் மாரியாயி வீடு நாலாவது. வலப்பக்கமிருந்து எண்ணினால் எத்தனையாவது? வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் ‘ஆறு’ என்று கத்துவார்கள். விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைதான் ‘ஏழு’ என்று மெதுவாகச் சொல்லும். ஏழுதான் சரி. நூலகமும் இணையமும் எட்டாத தோட்டத்துப் பிள்ளை, கொழும்புப் பிள்ளையோடு சரிசமமாக உட்காரக்கூடிய விளையாட்டு இது. தமிழில் இது சீக்கிரம் வர வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு வகையும் வந்துகொண்டிருக்கிறது. நெதர்லாந்தில் 2021இல் பிறந்து, ‘தி டிரெய்ட்டர்ஸ்’ என்ற பெயரில் பல நாடு சுற்றி, 2025இல் இந்திக்கும் வந்துவிட்டது. அறிவுக் கேள்வியே கிடையாது. கூட்டத்தில் துரோகி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நன்றாகப் பொய் சொல்கிறவர் ஜெயிக்கலாம். தொழிற்சங்கத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

வீட்டிலிருந்தபடியே போனில் கூட விளையாடுகிற ஏற்பாடும் பெருகுகிறது. பள்ளத்து லயத்தில் சிக்னல் பிடிக்க மேட்டு ரோட்டு வளைவுக்கு ஏறிப் போக வேண்டியவர்களுக்கு அது எந்த அளவுக்குப் பயன்படுமோ! நீங்கள் ஏறி முடிப்பதற்குள் விடையே சொல்லிவிடுவார்கள்.

எனக்கு உள்ளபடியே உறுத்துவது, கேள்விகள் யாருடையவை என்பதுதான். தமிழ்நாட்டு முதலமைச்சர்களை வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளைக்கு, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நம் நாட்டு லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்ட கதை தெரிவதில்லை. அம்மா தினமும் மடுவத்தில் நிறுக்கிற பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய நாலரைக் கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள் வரும் என்பதும் தெரிவதில்லை. இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் அலை, 2,524 மீட்டர் உயரமுள்ள நம் பிதுருதலாகலை உச்சியிலிருந்துதான் இறங்குகிறது. கேள்வி மட்டும் எங்கிருந்தோ வருகிறது.

நிகழ்ச்சியின் வடிவத்தை வெளியிலிருந்து வாங்குவதில் தவறில்லை. நாமும் கொடுத்தவர்கள்தானே! பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’தான் பிறகு சன் டிவிக்குப் போய்த் தமிழ்நாட்டையே பாட வைத்தது. அதற்கு கோடி ரூபாயும் வேண்டியிருக்கவில்லை, சுழலும் விளக்கும் வேண்டியிருக்கவில்லை. ஓர் எழுத்து, ஒரு பாட்டு, நேரத்தைப் பார்க்க ஒரு ஆள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு மண்டபத்தில் அப்படி ஒன்றை நம் பிள்ளைகளே கேள்வி எழுதித் தொடங்கினால், எந்தச் சானலும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

கடைசியாக, காசு விஷயம். பரிசுப் பணம் பெரிதானால் தில்லுமுல்லும் கூடவே வரும். 1956இல் அமெரிக்காவில் ‘ட்வென்டி ஒன்’ என்ற நிகழ்ச்சியில், ஜெயித்துக்கொண்டிருந்தவரிடம் தெரிந்த விடையையே தப்பாகச் சொல்லச் சொன்னார்கள். அவரும் சொல்லித் தோற்றார். விஷயம் வெளியே வந்து, 1960இல் அதைத் தடுக்கச் சட்டமே போட்டார்கள். இப்போது மோசடி நிகழ்ச்சிக்கு வெளியே நடக்கிறது. ‘உங்கள் நம்பருக்குக் கோடி விழுந்திருக்கிறது, வரிப் பணத்தை மட்டும் முதலில் கட்டுங்கள்’ என்று பிரபல நிகழ்ச்சியின் பெயரையும் படத்தையும் போட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். கலந்துகொள்ளாத போட்டியில் யாருக்கும் பரிசு விழாது. வங்கிக் கணக்கு இலக்கமோ ஓடிபியோ கேட்டால் பதில் சொல்லாமல் போனை வையுங்கள். வீட்டில் வயதான அம்மாயி, தாத்தா கையில் போன் இருந்தால் அவர்களிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.