கரையானுக்குப் பயந்தா கலைத்தார்கள்?

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், பொங்கல் விடுமுறையில் டிவியை விட்டுவிட்டு வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். வாழ்த்துப்பா எல்லாம் கிடையாது. எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை மைக்செட்காரர் தின்றுவிட்டார்.

தலைப்பு, ‘மதக் கலவரத்தை அடக்குவது பெரிதும் அரசா, மக்களா?’ நான் அரசு அணி. அதைக் கேட்டதுமே மூன்றாவது வரிசையில் ஓர் அண்ணாச்சி சிரிக்கிறார். சிரியுங்கள், பரவாயில்லை. மும்பையில் இருந்துகொண்டு, அதுவும் தாராவிக்காரன், அரசுக்குப் பேச வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

எனக்கு முன்னால் பேசிய மக்கள் அணிப் பேராசிரியை சகோதரி என்னைக் காட்டி என்ன சொல்லிவிட்டுப் போனார்? “அண்ணாச்சி தபால்காரராக இருந்தவர். அவர் துறையில் கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை வரும். அவர் அரசில் கலவரம் முடிந்த பிறகு போலீஸ் வரும். அதற்கப்புறம் கமிஷன் வரும். கமிஷன் அறிக்கையை முழுசாகப் படித்தது கரையான் மட்டும்தான்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

தபாலைப் பற்றிச் சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தக் கரையானை விடமாட்டேன்.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்து-முஸ்லிம் கலவரத்தில் இந்த ஊர் எரிந்தது. விசாரிக்க நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் போட்டார்கள். நடுவில் ஆட்சி மாறியது. 1996 ஜனவரியில் புது அரசு அந்தக் கமிஷனைக் கலைத்தது. ஊர் கொதித்தது, டெல்லியிலிருந்து சொன்னார்கள், மே மாதம் மறுபடி உயிர் கொடுத்தார்கள். சகோதரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அறிக்கையைக் கரையான்தான் படிக்கும் என்றால் அதை எழுதவிடாமல் எதற்காகக் கலைக்க வேண்டும்? கரையானுக்குப் பயந்தா கலைத்தார்கள்?

1998 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. செத்தவர்கள் 900 பேர். முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275, மற்றவர்கள் 5 பேர், யாரென்றே தெரியாதவர்கள் 45 பேர். 31 போலீஸ்காரர்களைக் குறிப்பிட்டு நடவடிக்கை எடு என்றது. அரசு அதன் முக்கியமான முடிவுகளை ஏற்கவில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது, எனக்கும்தான். ஆனால் இன்றைக்கு சகோதரி இந்த மேடையில், “அந்த 900 பேரில் 356 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள்” என்று அடித்துச் சொன்னாரே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? அதே அறிக்கையிலிருந்துதான்! அப்படியானால் படித்தது கரையான் மட்டும் இல்லை. பேராசிரியையும் படித்திருக்கிறார். (சிரிக்காதீர்கள், நேரம் போகிறது.)

சரி, அந்த 356. அது என் அணிக்கு எதிரான கணக்கு என்று நினைத்துத்தானே சொன்னார்? நான் அப்படி நினைக்கவில்லை. கத்திக்குத்தில் செத்தவர்கள் 347 பேர். அதாவது மதவெறி பிடித்து அலைந்த ஆட்களின் கத்தியைவிட அரசாங்கத்தின் துப்பாக்கி அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. இவ்வளவு கொல்ல முடிகிற கை நினைத்தால் எவ்வளவு காப்பாற்றும்? அதைத்தான் நான் சொல்ல வந்தேன். நல்லது நடந்தாலும் அரசு, கெட்டது நடந்தாலும் அரசு. அரசு நல்லது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. சாவி அங்கேதான் இருக்கிறது என்கிறேன்.

இனி அந்த இட்லிக் கதை. சகோதரி சொன்னார்: ஊரடங்கு நேரத்தில் தாராவியில் ஒரு ஆச்சி இட்லி அவித்து, பாய் வீடு, மராத்திக்காரர் வீடு என்று பார்க்காமல் சந்து முழுக்கக் கொடுத்தாள், ‘இதுதான் மக்கள்’ என்று. அருமை. ஆனால் ஐயா, அது என் கதை! போன வருஷம் இதே மேடையில் நான் சொன்னது. திருடிக்கொண்டு போனவர் பாதியைத்தான் திருடியிருக்கிறார். மீதி என்னிடம் இருக்கிறது.

ஆச்சி எங்கள் சந்து. திருநெல்வேலிப் பக்கம். விடியற்காலை நாலு மணிக்கு அவித்துக் கொடுப்பாள், மகன் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பான். அன்றைக்கு மாவு ஆட்டி வைத்த பிறகு ஊரடங்கு போட்டுவிட்டார்கள். மனுஷனுக்கு ஊரடங்கு சரி, மாவுக்கு யார் சொல்வது? அது பொங்கி அண்டா மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆச்சி அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே அவித்தாள். சகோதரி அணி குறித்துக்கொள்ளலாம், அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டேதான் அவித்தாள். சந்துக்கே கொடுத்தாள். அடுத்த நாளும் கொடுத்தாள். புளித்துப்போய் வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் பாய் வீட்டுப் பிள்ளைகள் சீனி தொட்டுத் தின்றார்கள்.

இவ்வளவுதான் சகோதரி சொன்னது. சந்து முனையில் யார் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லவே இல்லை.

ஒரு ஹவல்தார். மராத்திக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், தொப்பை. கையில் ஒரு லத்தி, ஒரு விசில். முதல் நாள் அவருக்கும் ஆச்சி இட்லி அனுப்பினாள். ஒன்றும் பேசாமல் எட்டு சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு, “சாம்பார் இல்லையா?” என்று கேட்டார். ஊர் எரிகிறது, இவருக்குச் சாம்பார்!

அன்று சாயங்காலம் மெயின் ரோட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கம்பி, கத்தி, பெட்ரோல் கேன். யார் கூட்டம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் அப்படி வந்த நாட்கள் அவை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். ஆச்சி சாத்தினாள், பாய் சாத்தினார், இட்லியைப் பகிர்ந்து தின்ற மக்கள் அத்தனை பேரும் சாத்திக்கொண்டோம். குற்றமில்லை, பயம். நான் ஜன்னல் இடுக்கில் பார்க்கிறேன். ஹவல்தார் எழுந்தார். லத்தியைக்கூட எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார், காதிலிருந்து பென்சிலை எடுத்தார். முன்னால் நின்ற பையனைப் பார்த்து அவன் பேரைச் சொன்னார். அவன் அப்பா பேரையும் சேர்த்து. எழுதினார். அடுத்தவன் பேர். எழுதினார். மூன்றாவது பேருக்குப் பென்சிலை எச்சில் தொட்டு எடுப்பதற்குள் பின்வரிசை காலி. கூட்டமாக வந்தவனுக்குப் பேர் கிடையாது ஐயா, அதுதான் அவனுடைய தைரியம். பேர் வந்துவிட்டால் அவன் மறுபடியும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை.

மறுநாள் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பால் கணக்கு நோட்டு. எருமைப்பால் அரை லிட்டர், கீழே அந்தப் பையன்களின் பேர்.

பேராசிரியை சகோதரி அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று பேர் எழுதியிருந்தால் போயிருப்பார்களா? நான் எழுதியிருந்தால்? “ரெஜிஸ்டர் தபாலா அண்ணாச்சி?” என்று கேட்டிருப்பார்கள். பால் கணக்கு நோட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, ஒரு கோர்ட் இருக்கிறது, ஒரு ஜெயில் இருக்கிறது. அதனால்தான் ஓடினார்கள்.

ஒரே ஒரு ஹவல்தாரை வைத்து வாதாடுகிறாயா என்று கேட்பீர்கள். சரி, ஒரு ஊரைச் சொல்கிறேன். தாணேயைத் தாண்டினால் பிவண்டி. விசைத்தறி ஊர். 1970-ல் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தில் தொடங்கி வெட்டிக்கொண்டார்கள். 1984-ல் மறுபடி. கலவரத்துக்குப் பேர் போன ஊர். 1988-ல் அங்கே போலீஸ் துணை கமிஷனராக வந்தவர் சுரேஷ் கோப்டே. பேட்டைக்குப் பேட்டை மொஹல்லா கமிட்டி போட்டார், எழுபது கமிட்டி. கமிட்டியில் இந்துவும் இருப்பார், முஸ்லிமும் இருப்பார், அந்தப் பகுதிப் போலீஸ்காரரும் கூடவே உட்காருவார். கட்சித் தலைவரைத் தேடிப் போகாமல் தெருவில் இருக்கிற சாதாரண ஆளைக் கூப்பிட்டார். 1992 டிசம்பரில் பம்பாய் எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. அதே மாநிலம், அதே சட்டம், அதே காக்கி.

“கமிட்டியில் இருந்தது மக்கள்தானே!” என்று எதிரணியில் ஒருவர் கை தூக்குகிறார். மக்கள்தான். 1970-லும் 84-லும் அதே ஊரில் மக்கள்தான் இருந்தார்கள். கூப்பிட்டு உட்காரவைக்க ஆள் வர 1988 ஆயிற்று.

காந்தியைச் சொன்னார்கள். 1947 செப்டம்பர், கல்கத்தா, உண்ணாவிரதம், ஊர் அடங்கியது. கும்பிடுகிறேன். ஆனால் ஊருக்கு ஒரு காந்தி கிடைக்க மாட்டார், ஊருக்கு ஒரு இன்ஸ்பெக்டர் இருக்கிறார். அந்தக் கல்கத்தாவிலேயே வடபகுதிப் போலீசார் வேலை பார்த்துக்கொண்டே 24 மணி நேரம் காந்திக்காகப் பட்டினி கிடந்தார்கள். அந்தப் போலீஸ் யார் அணி?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, ஒரு நிமிஷம். இது வாதமில்லை.

பம்பாய்க் கலவரத்தில் செத்தவர்கள் போக, காணாமல் போனவர்கள் 168 பேர். உடல் இல்லை. அவர்களில் 60 பேர் குடும்பத்துக்கு நஷ்டஈடு போயிற்று. 108 குடும்பத்துக்குப் போகவில்லை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டம் ஒழுங்கைக் காக்க மாநில அரசு தவறிவிட்டது, அந்த வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடித்து இரண்டு லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியோடு கொடு என்றது. முப்பது வருஷம் கழித்து! 1993-ல் மகனைத் தேடிப் புறப்பட்ட ஒரு தாய்க்கு அப்போது நாற்பத்தைந்து வயசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கிறாளோ இல்லையோ. சேலைத் தலைப்பில் போட்டோவை முடிந்துகொண்டு அவள் பக்கத்து வீட்டுக்காரரிடமா போய் நின்றிருப்பாள்? ஸ்டேஷன் வாசலில் நின்றிருப்பாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றிருப்பாள். அவளைத் திருப்பி அனுப்பியவனைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் அங்கே போகாதே அம்மா, அங்கே ஒன்றும் கிடைக்காது, மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், சகோதரி. உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டது. தீர்ப்பை நடுவர் ஐயா சொல்லட்டும். வணக்கம்.