அட்டையில் இரண்டு பெயர்கள்

அவைத்தலைவர் அவர்களே, இந்த அரங்கைத் தந்து உதவிய நூலகர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வந்தமர்ந்து எனக்குப் பெருமை சேர்த்திருக்கும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய லைட் நாவல்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் கேட்டபோது, இதற்கு யார் வருவார்கள் என்று சிலர் தயங்கினார்களாம். தலைவர் அவர்கள்தாம் "பிள்ளைகள் வருவார்கள்" என்று உறுதியாக நின்றார். இன்று நாற்காலி போதாமல் பிள்ளைகள் சுவரோரம் நிற்கிறார்கள். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த செயலாளருக்கும் நன்றி. ஓவிய ஆசிரியர் ஐயா என் பேச்சைக் கேட்க வந்திருப்பதை நான் வாழ்த்தாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். எழுத்தால் மட்டுமே முடிவது எது, ஓவியம் அதோடு சேர்ப்பது எது, அனிமேயில், அதாவது ஜப்பானிய அசைபடத்தில், குரலும் இசையும் செய்வது எது.

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பார்கள். என் மேடைகளுக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பழமொழி புதிதல்ல. இன்றைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவும் இல்லை. கதைதான் சுவர். அதில் முதல் சித்திரம் எழுதுகிறவர் புத்தகத்தின் ஓவியர். அனிமே அதற்குப் பிறகு வருகிறது.

லைட் நாவல் பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் ஏ6 அளவுப் புத்தகம். திறந்தவுடன் சில வண்ணப் பக்கங்கள். உள்ளே இடையிடையே கறுப்பு வெள்ளை ஓவியங்கள். பதின்வயதினரை மனத்தில் வைத்து எழுதப்படுவது. ஒன்றைக் கவனியுங்கள்: அட்டையில் எழுத்தாளர் பெயரோடு ஓவியர் பெயரும் அச்சாகியிருக்கும். இந்தச் செய்திக்கு மீண்டும் வருகிறேன்.

2003-ல் வெளிவந்த ஹருஹி சுசுமியா வரிசையின் முதல் நூலை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் நாகரு தனிகாவா, ஓவியம் நோய்ஜி இட்டோ. கதையைச் சொல்கிறவன் கியோன் என்ற மாணவன். பல இடங்களில் அவன் ஒன்றை வாய்விட்டுச் சொன்னானா, மனத்துக்குள் நினைத்தானா என்பது வாசகனுக்குப் பிடிபடாது. மேற்கோள் குறி இருக்காது, எதிரில் இருப்பவரோ பதில் சொல்லிவிடுவார். அந்த மயக்கம் எழுத்துக்கு மட்டுமே உரிய சொத்து. 2006-ல் கியோட்டோ அனிமேஷன் என்ற நிறுவனம் அதை அனிமேயாக எடுத்தபோது கியோனின் உதடு அசைந்தாக வேண்டும், அல்லது மூடியிருக்க வேண்டும். நடுவில் நிற்க வழியில்லை. ஆனால் கதையின் நாயகி ஹருஹி என்றதும் நம் கண்ணில் நிற்கிறதே அந்த மஞ்சள் ரிப்பன், அந்த நிமிர்ந்த பார்வை, அதை நமக்குப் பழக்கியது இட்டோவின் தூரிகை. அனிமேயில் அசைவது அந்த உருவம்தான்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மாணவர்கள் நன்றாகக் கேளுங்கள், இது கோடை விடுமுறைக் கதை.

ஹருஹி வரிசையில் "முடிவற்ற எட்டு" என்று ஒரு சிறுகதை. ஆகஸ்ட் 17 முதல் 31 வரை, விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்கள். நீச்சல் குளம், திருவிழா நடனம், பொன்மீன் பிடிக்கும் விளையாட்டு, வாணவேடிக்கை, சில்வண்டு பிடிப்பது, தவளை வேடம் போட்டுப் பகுதிநேர வேலை என்று எல்லாம் நடக்கிறது. ஆனாலும் ஏதோ ஒன்று பாக்கி இருப்பதாக ஹருஹியின் மனத்தில் ஓர் உறுத்தல். நினைத்ததை நடத்திவிடும் ஆற்றல் அவளிடம் உண்டு; அவள் அறியாமலே அது காலத்தைத் திருப்பிவிடுகிறது. மறுபடியும் ஆகஸ்ட் 17. யாருக்கும் பழையது நினைவில்லை, நாகாதோ என்ற ஒரு பெண்ணைத் தவிர. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். எத்தனை முறை? புத்தகத்தில் 15,498 முறை! நாம் அந்த எண்ணைப் படிக்கிறோம், "அடேயப்பா" என்கிறோம், பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

2009-ல் அனிமே என்ன செய்தது தெரியுமா? அந்த ஒரு சிறுகதையை எட்டு பாகங்களாக ஒளிபரப்பியது. ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை வாரம் ஒன்று. முதல் வாரம் நீச்சல் குளம். இரண்டாம் வாரமும் நீச்சல் குளம். மூன்றாம் வாரமாவது விடிவு வரும் என்று உட்கார்ந்தால் அதே நீச்சல் குளம், அதே பொன்மீன், அதே தவளை! சோம்பலில் பழையதை மறுபடி ஓட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் புதிதாக வரைந்தார்கள். உடை வேறு, கோணம் வேறு. குரலையும் புதிதாகவே பதிவு செய்தார்கள். எட்டாவது பாகத்தில்தான் கியோன் துள்ளி எழுந்து, "என் விடுமுறைப் பாடம் இன்னும் முடியவில்லை!" என்று கத்துகிறான். எல்லோரும் கூடி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். காலம் நகர்கிறது. கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள், உங்களுக்கும் பாக்கி இருக்கும்!

ரசிகர்கள் கொதித்தார்கள். இன்றும் அந்தச் சண்டை ஓயவில்லை. நான் அந்த எட்டின் கட்சி. நாகாதோவின் அலுப்பு புத்தகத்தில் ஓர் எண்ணாக இருந்தது, அனிமேயில் அது பார்ப்பவரின் உடம்பில் ஏறியது. 2010-ல் வந்த ஹருஹி திரைப்படத்தில் உலகையே மாற்றிவிட நாகாதோ எடுக்கும் முடிவை, அந்த எட்டு வாரம் காத்திருந்தவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம். அதே சுவரில் எட்டுச் சித்திரம் எழுதிக் காட்டினார்கள்!

இதற்கு நேர் எதிர், இசுனா ஹசேகுராவின் "ஸ்பைஸ் அண்ட் உல்ஃப்". வெள்ளி நாணயத்தின் தரம், வணிகர் பேரம் என்று போகிற அந்தப் பகுதிகளைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் பின்னால் போய்ப் படித்துக்கொள்ளலாம். அனிமேயில் உரையாடல் நமக்காக நிற்பதில்லை. அங்கே புத்தகமே மேல்.

இனி "வயலட் எவர்கார்டன்". கியோட்டோ அனிமேஷனின் சொந்தப் பதிப்பில் 2015-ல் வந்த நூல், எழுதியவர் கானா அகாட்சுகி. பிறருக்காகக் கடிதம் எழுதித் தரும் பெண் வயலட். புத்தகம் அவளை வெளியிலிருந்து, கடிதம் எழுதச் சொல்லி அழைப்பவர்களின் கண் வழியாகக் காட்டத் தொடங்குகிறது. 2018-ன் அனிமே அவளை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பின்தொடர்கிறது. இரண்டையும் இணைப்பவர் அகிகோ தகாசே. நூலுக்கு ஓவியம் வரைந்த அவரே அனிமேயின் உருவ வடிவமைப்பாளர்.

2019 ஜூலை 18 அன்று அந்த நிறுவனத்துக்கு ஒருவன் தீ வைத்தான். 36 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான வயலட் திரைப்படத்தில், வழக்கமாகப் பெயர் இடம்பெறாத புதியவர்கள் உட்பட, உழைத்த எல்லோருடைய பெயரையும் திரையில் இட்டார்கள். ஐயா, நான் பல காலமாக மேடை மேடையாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். வரைந்தவர் பெயரைப் போடுங்கள்!

நம்மிடமும் இந்த மரபு உண்டு. 1950 அக்டோபரில் "பொன்னியின் செல்வன்" கல்கியில் தொடங்கியது. வாரந்தோறும் அதற்கு வரைந்தவர் மணியம். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முதலில் முகம் கொடுத்தவர் அவர். ஆனால் நான் புரட்டிப் பார்த்த நூலகப் பட்டியல்களில் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, பக்கம் எல்லாம் இருக்கின்றன. ஓவியருக்கு ஒரு கட்டம் இல்லை. சிறுவர் நூல்களில்கூட இல்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம், சரி. சுவர் கட்டியவரை எழுதி வைக்கிறோம், சித்திரம் எழுதியவரை ஏன் விட்டுவிடுகிறோம்? ஜப்பானில் பதினைந்து வயதுப் பிள்ளை கடையில் எடுக்கும் மலிவுப் புத்தகத்தின் அட்டையிலேயே இரண்டு பெயர் இருக்கிறதே!

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார். குரலையும் இசையையும் பற்றிய மூன்றாவது செய்திக்கு இன்னொரு மாலை வேண்டும். இந்த நேரத்தை என் கோரிக்கைக்குத் தாருங்கள். நூலகர் அவர்களே, உங்கள் கிளையின் சிறுவர் பிரிவில் மட்டுமாவது, புதிதாக வரும் நூல்களைப் பதிவு செய்யும்போது "ஓவியர்" என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். பழைய நூல்களுக்கு நாங்கள் வந்து எழுதித் தருகிறோம். ஓவிய ஆசிரியர் ஐயா மேற்பார்வை பார்க்கச் சம்மதித்திருக்கிறார். வர விரும்பும் மாணவர்கள் வாசலில் உள்ள தாளில் பெயரும் வகுப்பும் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சிறுவர் பிரிவில் தொடங்குகிறோம். வணக்கம்.