இறக்கை கட்டிய குட்டித் தேவதை

[காட்சி: கொழும்பு, வெள்ளவத்தை. கடல் பக்கம் இறங்கும் ஒரு லேன். பிளாஸ்டர் ஒட்டிய முழங்கால். பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஸ்கேட்போர்ட்.]

இந்த முழங்கால் என் அக்காவின் மகளுடையது. "மாமா, ரய்சா எத்தனை தரம் விழுந்தவ தெரியுமா?" என்று ஃபோனை என் மூக்குக்கு முன்னால் நீட்டுகிறாள்.

ரய்சா லியால். ஸ்கேட்போர்ட் ஓடுகிற பிரேசில் பிள்ளை. அந்த 'ர'வை அங்கே 'ஹ' மாதிரிச் சொல்வார்கள், அது வேறு கதை.

[காட்சி: படிக்கட்டு. நீலத் துணி காற்றில் பறக்கிறது.]

2015. இம்பெராட்ரிஸ் என்ற ஊர். ஏழு வயசுப் பிள்ளை நீலத் தேவதை உடுப்பும் முதுகில் இறக்கையுமாகப் படியில் இருந்து பாய்கிறாள். விழுகிறாள். எழும்பித் திரும்பவும் பாய்கிறாள். கடைசியில் ஒரு ஹீல்ஃபிளிப், சுத்தமாக இறங்குகிறாள்.

ஹீல்ஃபிளிப் என்றால் இதுதான்: பின்கால் பலகையின் வாலை அடித்துக் கிளப்பும். அதே மூச்சில் முன்காலின் குதி ஓரத்தைத் தட்டிவிடும். காலுக்குக் கீழே பலகை ஒரு முழுச் சுற்று உருண்டு வரும்போது இரண்டு காலாலும் அதைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் எங்கள் வீட்டு முழங்கால்தான்.

ஸ்கேட்போர்ட் உலகின் பெரிய பெயர் டோனி ஹோக் அந்த வீடியோவைப் பகிர்ந்தார். அன்றிலிருந்து அவள் 'ஃபடீன்யா', குட்டித் தேவதை.

[காட்சி: டோக்கியோ, வெயிலில் மின்னும் கொங்கிரீட்.]

2021 ஜூலை 26. ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் வந்த முதல் தடவை. 13 வயதும் 203 நாளும் ஆன ரய்சாவுக்குப் பெண்கள் ஸ்ட்ரீட் போட்டியில் (தெருவில் இருப்பது மாதிரிப் படியிலும் கைப்பிடியிலும் வித்தை காட்டுவது) வெள்ளி. தங்கம் வென்ற ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கும் 13தான். புள்ளி 15.26க்கு 14.64. ஆனால் முறை வருமுன் ரய்சா ஆடிய குட்டி நடனம்தான் ஃபோன் ஃபோனாகப் பரவியது. இன்ஸ்டாகிராமில் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

வென்றவளை விட்டுவிட்டு இவளை ஏன் கொண்டாடினார்கள்? டோக்கியோவுக்கு ஆறு வருஷம் முன்னமே இவள் விழுந்ததை உலகம் பார்த்துவிட்டது, அதனால்தான் என்பேன். சாம்பியனைத் தூரத்தில் நின்று மெச்சுவோம். விழுந்தெழும்பிய பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை. எனக்கு எரிச்சல் என்னவென்றால், ஆட்கள் அந்த இறக்கையைக் கழற்ற விடுகிறார்களில்லை. 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று சூப்பர் கிரவுன் பட்டம் (ஸ்ட்ரீட் ஸ்கேட்போர்டிங் லீக்கின் இறுதிப் போட்டி), பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். அதெல்லாம் அழகுக்குக் கொடுக்கிற பரிசு இல்லை.

[காட்சி: சின்னக் கை, துணி, கழற்றிய சக்கரம்.]

இங்கே கடற்காற்றில் சக்கரத்துக்குள் இருக்கிற பெயரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். நாளை விடிய, நடக்கிற ஆட்கள் வருமுன் சுதந்திர சதுக்கத்துக்குப் போவதாகத் திட்டம். மருமகள் எங்கிருந்தோ தையல் மெஷின் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றுகிறாள்.

உள்ளே அக்கா அந்தப் போத்தலைத் தேடிக்கொண்டிருக்கிறா.